நாற்பத்துமூன்று நாள் ஓடிய கம்ப்யூட்டர்

தருமனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பிறந்தது அடி அண்ணாமலை. திருவண்ணாமலை டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். போர்வெல்லில் இறக்கும் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்டு விவசாயிகள் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். அவர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்.

"வோல்டேஜ் கம்மியா இருக்கும்போது ஓட்டியிருக்கே. ஆம்பியர ஜாஸ்தி இழுத்துக்குது. சூட்டுல வெந்துபோச்சு. மோட்டாரு சாவறது கரண்ட்டால இல்லப்பா, சூட்டால" என்பார். முப்பது வருடமாக எல்லோரிடமும் அதையே சொல்லிவந்தார்.

அவர் மனைவி சரோஜாவைக் கவனித்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போனேன். சரோஜாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காலை எட்டு மணிக்குப் போவேன், மாலை ஆறு மணிக்குத் திரும்புவேன். உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, இடுப்பில் இருந்த படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டுவது. இதுதான் வேலை.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் வீடு. வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடுகள் சுற்றிலும். சரோஜா படுத்திருந்த அறையை ஒட்டி இன்னொரு அறை. அது மகன் வல்லரசுவின் அறை. இடையில் ஒரு கதவு.

வல்லரசுக்கு இருபத்தாறு வயது. கட்டப்போகும் கட்டடத்தை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் படமாகச் செய்து காட்டுவான். வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, மாடி ஏறுவது போல ஓடும் படம். ஒரு படத்தைச் செய்து முடிக்க அவன் கம்ப்யூட்டருக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. அதை ஏழு மணி நேரமாகக் குறைக்க வேண்டுமென்று, கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேலே அதை ஓடவைக்கும் வேலையில் இறங்கினான். ஓவர்கிளாக் என்று பெயர் சொன்னான். எனக்கு அது புரிந்தது அப்பனும் மகனும் சண்டை போட்டதைக் கேட்டுத்தான்.

"வேகத்த ஏத்தணும்னா வோல்டேஜ ஏத்தணும்ப்பா. இப்ப ஒண்ணு புள்ளி மூணு அஞ்சு வச்சிருக்கேன்" என்றான் வல்லரசு.

தருமன் சிரித்தார். "ஒண்ணரை வோல்ட்டு கூட இல்லயா? டார்ச் லைட்டு பேட்டரியே ஒண்ணரைடா. அதுக்கா இவ்ளோ அமர்க்களம் பண்றே?"

"வோல்ட்டு அவ்ளோதான். ஆம்பியர் எவ்ளோ தெரியுமா? நூத்தி எம்பது."

தருமனின் சிரிப்பு நின்றது. "நூத்தி எம்பதா? வெல்டிங் மிஷினாடா அது?"

"ஒரு தீப்பெட்டி அகலம்கூட இல்லாத சிப்புப்பா. அதுல அவ்ளோவும் ஓடுது."

"அப்ப சூடு?"

"அதுக்குத்தான் தண்ணி. உன் போர் மோட்டார் தண்ணிக்குள்ளவே நின்னுனு ஓடலயா? அதேதான். சிப்பு மேல தண்ணி வந்து சூட்ட வாங்கினு மேல இருக்கிற ரேடியேட்டருக்குப் போவும். ஃபேன் அத ஆத்தி வுடும்."

"எங்க மலையடிவாரத்துல சித்திரைல காத்தே நெருப்பாத்தான் வருது. நெருப்ப வச்சி நெருப்ப ஆத்துவியா?" என்றார் தருமன். ஆனாலும் அன்றே கடையிலிருந்து தடிமனான ஒயர் கொண்டுவந்து, மகன் அறைக்குத் தனி லைன் இழுத்து, எர்த் சரி பார்த்து, இன்வெர்ட்டரிலிருந்தும் ஓர் இணைப்புக் கொடுத்தார். அந்த இன்வெர்ட்டர் சரோஜாவின் காற்றுப் படுக்கைக்கும் மின்விசிறிக்கும் வாங்கியது. நான் அதைச் சொன்னேன். "ரெண்டு நாளைக்குத்தான் சிஸ்டர்" என்றான் வல்லரசு.

பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு சோதனையை ஓடவிட்டான். கம்ப்யூட்டரை முழு பாரத்தில் மூச்சுவிடாமல் வேலை வாங்கும் சோதனை. இருபத்துநாலு மணி நேரம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடினால் அந்த வேகம் நிலைக்கும் என்று அர்த்தம். திரையின் மூலையில் எத்தனை மணி, எத்தனை நிமிடம் ஓடியது என்று எண் ஏறிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து பஸ் பார்சலில் இன்னொரு ஃபேன் வந்திருந்தது. அதை வாங்கிவர பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்தான்.

"ப்பா, நான் வர வரைக்கும் ஆஃப் பண்ணாத. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடும். கைய வைக்காத."

"போடா, நான் எதுக்குக் கைய வைக்கிறேன்" என்றார் தருமன்.

ரவுண்டானாவுக்கு முன்னால் லாரி. மறுநாள் மதியம் பெரியாஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் கிடத்தியிருந்தபோது உள்ளறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சோதனை இருபத்துநாலு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. பிழை எதுவும் இல்லை.

யாரும் அதை நிறுத்தவில்லை. முதலில் யாருக்கும் நினைப்பில்லை. பிறகு தருமன் விடவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. தருமன் மொட்டை போட்டுக்கொண்டார், பிண்டம் வைத்தார், சொன்னதையெல்லாம் செய்தார். பக்கத்து வீட்டுச் சாவுக்கு உதவி செய்பவர் போலச் செய்தார். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும் உள்ளே போய்த் திரையில் எண்ணைப் பார்த்தார். பதினாறு நாள் நாலு மணி நேரம் என்று இருந்தது. கடைக்குப் போவதையும் விட்டார். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நான் எத்தனையோ வீடுகளில் சாவுக்குப் பின்னும் வேலை பார்த்திருக்கிறேன். செத்தவரின் செருப்பு கிடக்கும், துணி தொங்கும். அது பழகிவிடும். இந்த வீடு பழகவில்லை. கதவுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகச் சூடான காற்று வந்து என் கணுக்காலில் படும். உள்ளே ஃபேன் ஒரே சீராக ஓடும், பிறகு யாரும் தொடாமலே வேகம் எடுக்கும், பிறகு தணியும். அப்படி வேகம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சரோஜா அசையும் பக்கத்துக் கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வாள். மகன் அறையில் இருக்கும்போது அவள் எப்போதும் செய்தது அது. அவளிடம் மகன் இறந்ததைச் சொல்லியிருந்தோம். உடலைக் காட்டியும் இருந்தோம். என்ன புரிந்தது என்று கேட்க வழியில்லை.

என்னைச் சொல்ல வேண்டுமென்றால், சரோஜாவுக்குத் துணி மாற்றும்போது நடுக்கதவைச் சாத்துவது என் வழக்கம். வயசுப் பையன் அடுத்த அறையில் இருக்கிறான் என்பதற்காக. அவன் செத்து ஒரு மாதம் ஆன பிறகும் சாத்திக்கொண்டிருந்தேன்.

தருமனின் அக்கா பாஞ்சாலை ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். வல்லரசுவின் போட்டோவுக்குச் சட்டம் போட்டு, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேல் வைத்தது அவர்தான். தடிமனான சாமந்தி மாலை ஒன்று பெட்டியின் இருபுறமும் தொங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் சாம்பிராணி போட்டு, புகையைப் பெட்டிக்கு முன்னால் காட்டுவார். புகை காட்டிய இரண்டாவது நிமிடம் உள்ளே ஃபேன் சீறும்.

"வந்துட்டான் பாரு! எம்மா சிஸ்டரு, கேட்டியா? அத்த கூப்ட்டா வராம இருப்பானா?"

"தினமும் வரானா?"

"புகைய காட்ன உடனே வரான். நேத்து நான் குளிக்க நேரமாச்சி, புகை காட்டல. வரவே இல்லியே."

தருமன் சுவரோரம் உட்கார்ந்து அந்தச் சீறலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்குப் பேய் பிசாசு பழக்கமில்லை. ஆனால் ஒரு நாள் வேறு சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து களகளவென்று ஒரு சத்தம், நின்று நின்று. அது எனக்குத் தெரிந்த சத்தம். கடைசி நேரத்தில் நோயாளியின் தொண்டையில் சளி உருளும் சத்தம். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். நோயாளியைப் பார்ப்பது போல மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பெட்டியின் முன்பக்கம் காற்று உள்ளே போகும் சல்லடை. அதை மாலை பாதி மூடியிருந்தது. மீதியில் சாம்பிராணிப் புகை படிந்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி, விரலை வைத்தால் கருப்பாக வந்தது. மேலே சூட்டுக் காற்று வெளியேறும் சல்லடை. அதன் மேல்தான் போட்டோ. மூக்கையும் வாயையும் அடைத்துவிட்டு மூச்சு வாங்குகிறது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வல்லரசுவின் கூட்டாளி மணிவேலை வரச் சொன்னேன். கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்பவன். அவன் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தான், மாலையை ஒதுக்கினான். ஐந்து நிமிடத்தில் சீறல் தணிந்தது. பாஞ்சாலையின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"புள்ள வர வழிய அடச்சிட்டியேடா பாவி" என்றார்.

"அத்த, நீங்கதான் காத்து வர வழிய அடச்சீங்க. தணல் சூட்டயும் புகையயும் உள்ள இழுக்குது, சூடு ஏறுது, ஃபேன் வேகமாவுது. அவ்ளோதான்."

"நீ படிச்சவன், அப்படித்தான் பேசுவே."

மணிவேல் தருமனிடம் திரும்பினான். "மாமா, தொண்ணூத்தேழு டிகிரி வரைக்கும் போயிருக்கு. நூறு தொட்டா அதுவே வேகத்த கொறச்சிக்கும், இல்ல அணஞ்சிடும். உள்ள தண்ணியும் கொறஞ்சி காத்து ஏறிடுச்சி, அதான் அந்தச் சத்தம். ரேடியேட்டர கழட்டி கழுவணும். அதுக்கு ஆஃப் பண்ணியே ஆவணும்."

"ஆஃப் பண்ணாம கழுவ முடியாதா?"

"முடியாது மாமா. அவன் படம், ஃபைல் எல்லாத்தையும் நான் போன வாரமே ஹார்ட் டிஸ்க்குல எடுத்து வச்சிட்டேன். ஒண்ணும் போவாது. ஆஃப் பண்ணா மறுபடி பாஸ்வேர்டு கேக்கும். அது நமக்குத் தெரியாது. ஆனா எல்லாம் வெளில எடுத்தாச்சே. இப்ப ஓடறது வெறும் சோதனைதான்."

"அந்த வெறும் சோதனையத்தான் அவன் ஓட்டிட்டுப் போனான்" என்றார் தருமன். "நான் வர வரைக்கும்னு சொல்லிட்டுப் போனான். நான் கைய வைக்கமாட்டேன்னு சொன்னேன்."

நான் கேட்டேன்: "அவன் வந்தா நிறுத்துவீங்க. வரலன்னா எப்ப நிறுத்துவீங்க?"

"அதான் தெரியல சிஸ்டரம்மா. நான் நிறுத்தினேன்னா, அவன் வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

போட்டோவைத் திரும்பப் பெட்டிமேல் வைக்கக் கூடாது என்று மட்டும் பாஞ்சாலையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. அந்த வாரமே செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பு வந்தது. துணைமின் நிலையப் பராமரிப்பு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. மணிவேல் கணக்குப் போட்டுச் சொன்னான். கம்ப்யூட்டர் இழுப்பது நானூறு வாட். இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும். கம்ப்யூட்டர் இல்லாமல் சரோஜாவின் படுக்கையும் விசிறியும் மட்டும் என்றால் நாள் முழுக்கத் தாங்கும்.

வியாழக்கிழமையே தருமன் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினார். மைக் செட் வைக்கும் வேணுவிடம் கேட்டு வாங்கியது. அந்த ஒரு மாதத்தில் அவர் முகத்தில் ஒரு தெளிவை அன்றுதான் பார்த்தேன். மோட்டார், பெட்ரோல், ஒயர் என்றால் அவருக்குக் கை தானாக ஓடும்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஓடியது. பதினோரு மணிக்கு அது கீச் கீச் என்று கத்த ஆரம்பித்ததும் தருமன் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் செய்தார். கொல்லைப்பக்கம்தான் சரோஜாவின் ஜன்னல். பத்து நிமிடத்தில் அறை முழுக்கப் பெட்ரோல் புகை. ஜன்னலைச் சாத்தினேன். உள்ளே அடுப்புபோல வெந்தது. சரோஜா இரும ஆரம்பித்தாள். பக்கவாத நோயாளிக்கு இருமல் விளையாட்டில்லை. சளியைத் தானாக வெளியே தள்ள முடியாது. அவளைப் பக்கவாட்டில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே கத்தினேன்.

"தருமன்! அதை நிறுத்துங்க!"

"சந்துக்கு மாத்திடறேன் சிஸ்டரம்மா, ஒரு அஞ்சு நிமிஷம்!"

"ஒயர் எட்டுமா?"

எட்டாது என்று அவருக்குத் தெரியும். வாசற்படியில் வந்து நின்றார். சரோஜாவின் உதடு நீலம் கட்டத் தொடங்கியிருந்தது. விரல் நுனியில் வைத்த ஆக்சிஜன் அளக்கும் கருவி எண்பத்தெட்டு காட்டியது. அவள் கையை உயர்த்தி எண்ணை அவருக்குக் காட்டினேன். அவர் திரும்பிப் போனார். ஜெனரேட்டர் நின்றது.

ஜன்னலைத் திறந்தேன், சளியை எடுத்தேன், எண் தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியது. இன்வெர்ட்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தலைக்குமேல் விசிறியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. காற்றுப் படுக்கையும் தொய்ய ஆரம்பித்தது.

"பேட்டரில மிச்சம் இருக்கறது ஒருத்தருக்குத்தான்" என்றேன். "நான் உள்ள போய் நிறுத்தமாட்டேன். நீங்கதான் நிறுத்தணும்."

பாஞ்சாலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அக்கா, சும்மா இரு" என்றார் தருமன்.

உள்ளே போனார். கதவு திறந்திருந்ததால் நான் பார்த்தேன். மகனின் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே மௌசைப் பிடித்தார். ஸ்விட்சைச் சட்டென்று தட்டவில்லை. ஓடும் மோட்டாரைப் பாரத்தோடு நிறுத்தக் கூடாது என்பவர், முதலில் சோதனையை நிறுத்தினார். எண் நாற்பத்துமூன்று நாள், ஐம்பத்திரண்டு நிமிடத்தில் நின்றது. ஃபேன் மெல்லத் தணிந்தது. பிறகு மணிவேல் காட்டியிருந்த இடத்தில் அழுத்தி கம்ப்யூட்டரை அணைத்தார். உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு நின்றார், சூடு இறங்கும்வரை. நான் எத்தனையோ பேர் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு இதைவிட மெதுவாக ஆறும்.

அந்த வீட்டில் நாற்பத்துமூன்று நாளாகக் கேளாத சத்தமெல்லாம் கேட்டது. தெருவில் ஆட்டோ. அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது. சரோஜா போர்வையைத் தேடவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது. இருமலாலும் இருக்கலாம்.

இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்து கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, தருமன் பழக்கத்தில் அதைப் பக்கத்தில் இருந்த தனி லைனில் செருகிவிட்டார். அவரே இழுத்த லைன். அதில் அப்போது கரண்ட் இல்லை.

சரியாக நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. நான் சரோஜாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் க்ளிக் என்று ஒரு சத்தம். ஃபேன் முழு வேகத்தில் சீறிக்கொண்டு எழுந்தது. திரையின் வெளிச்சம் கதவு வழியாகத் தரையில் விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. நாங்கள் நான்கு பேரும் இந்தப் பக்கம் இருந்தோம். என் கையில் சரோஜாவின் தோள் விறைத்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஒரு வருடமாக அவளிடமிருந்து வராத சத்தம். சரோஜாவுக்குத் துணி மாற்றும்போது சாத்துவதுபோல நடுக்கதவைச் சாத்த வேண்டும் என்று எனக்கு நினைப்பு வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது.

"வல்லரசு!" என்று கத்திவிட்டு பாஞ்சாலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கரண்ட் போய் வந்தால் தானே எழுந்திருக்கும்படி வல்லரசு அதை அமைத்துவைத்திருந்தான் என்று மணிவேல் பிறகு சொன்னான். அந்த நேரத்தில் அது எங்களுக்குத் தெரியாது.

தருமன்தான் போனார். பின்னாலேயே நானும் போனேன். திரையில் மகன் பெயர் இருந்தது. அதன் கீழே கடவுச்சொல் போடுவதற்கு ஒரு கட்டம். அதற்குள் ஒரு கோடு மினுக் மினுக்கென்று காத்திருந்தது. தருமன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பேரு அவனுது. கேக்கறதும் அவனத்தான்" என்றார். "எனக்கு அவன் ஒண்ணும் சொல்லிட்டுப் போவல சிஸ்டரம்மா. சீக்கிரம் வந்துடலாம்னு போயிருக்கான். அவ்ளோதான்."

குனிந்து சுவரின் ஸ்விட்சை அணைத்தார். பெட்டியின் பின்புறம் கைவிட்டு ஒயரை இழுத்தார். அதை மூன்று சுற்றாகச் சுற்றி, காயில் கட்டுபவர்கள் போடும் முடிச்சைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இத நீங்க எடுத்துனு போயிடுங்க. இங்க இருந்தா நான் மாட்டிடுவேன்."

வாங்கி என் பையில் பி.பி. மிஷினோடு வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவர் கடையைத் திறந்தார்.

அந்த ஒயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதே மாதிரி ஒயர் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். மணிவேல் வேலை செய்யும் கடையிலேயே வாசலில் ஆணியில் கொத்தாகத் தொங்குகிறது. தருமன் காலையும் மாலையும் அதைத் தாண்டித்தான் போய்வருகிறார்.